வேண்டாமென்று சொல்லி வாங்கிய கரை

அந்தக் கடலோரத்தில் வெயிலுக்குக் குறைவில்லை, மணலுக்குக் குறைவில்லை, தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இல்லாதிருந்தது ஒழுங்கு ஒன்றுதான். மக்கள் பாட்டுக்குப் பேருந்தில் ஏறினார்கள், கடல் தெரிந்த இடத்தில் இறங்கினார்கள், நனைந்தார்கள், திரும்பினார்கள். யார் எந்தக் கரைக்குப் போனார்கள், போனவர்களுக்கு அந்தக் கரை பொருந்துமா, அங்கே அடைந்த மகிழ்ச்சி முறைப்படி அடைந்ததுதானா என்று கேட்க நாதியில்லை. இந்த அவலத்தைப் போக்கத்தான் குடும்ப விடுமுறைத் தேர்வு வாரியம் பிறந்தது.

வாரியம் வந்தது, கரைக்குக் கரை கம்பிக்கதவும் வந்தது. கதவுக்கு ஒரு காவலர், காவலருக்கு ஒரு குடை. மணிக்கட்டில் வாரியத்தின் வண்ணப்பட்டை இருந்தால் மணலில் கால் வைக்கலாம். இல்லாதவர்களைக் கண்டால் பேருந்துகூட அந்த நிறுத்தத்தில் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். கடலுக்குக் கதவா என்று ஆரம்பத்தில் சிலர் சிரித்தார்கள். கதவு வந்த பிறகு அவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

அந்த வரிசைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு மெத்தைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்.

கடலிலிருந்து அரை நாள் பயணத் தொலைவில் ஒரு கடைத்தெரு. அங்கேதான் அவர் பிறந்ததும், வளர்ந்ததும், பஞ்சு அடைத்ததும். அந்தத் தெருவின் முதல் பாடம், வாங்க நினைப்பதைப் பார்க்கக் கூடாது என்பது. சிவப்பு மெத்தை வேண்டுமென்றால் நீலத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும், மஞ்சளுக்கு விலை கேட்க வேண்டும், சிவப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கூரையைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு மெத்தையா" என்று அலுத்துக்கொள்ள வேண்டும். விற்கிறவர் மட்டும் என்ன, நேற்றா கடை திறந்தார்? வந்த ஆள் எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று கவனித்து, அந்தப் பக்கத்து விலையை ஏற்றி வைத்திருப்பார். கடைசியில் வாங்குகிறவர் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். வாசல்படி தாண்டுவதற்குள் விற்கிறவர் கூப்பிடுவார். கூப்பிடாமல் விட்டதாக அந்தத் தெருவில் வரலாறு கிடையாது.

மெத்தைக்கடைக்காரர் இந்தக் கலையில் ஊறியவர். கல்யாணத்துக்கு முன்னால் மனைவியை முதன்முதலாகச் சந்தித்த அன்று, அவளைப் பார்க்காமல் அவளுடைய தம்பியையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாராம். அந்தத் தம்பி, அதாவது இப்போதைய மச்சான், இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவான். மச்சானுக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. பிறர் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மட்டும் மிதிக்கும் உத்தியோகம். வீட்டிலும் யார் எதை ஆரம்பித்தாலும் அவன் கால் தானாக நீளும்.

பஞ்சு வாங்கப் போகும் பேருந்து கடற்கரைச் சாலையில் ஒரு வளைவில் திரும்பும். திரும்பும்போது ஒரு சின்ன மணல்திட்டும், அதன் ஓரத்தில் யானை படுத்தாற்போல் ஒரு கரும்பாறையும் கண்ணில் பட்டு மறையும். கல்யாணமான நாள் முதல் அந்த வளைவு வந்தால் மனைவி ஜன்னல் பக்கம் சாய்வாள். "ஒரு தடவ இங்க எறங்கி உக்காரணுங்க" என்பாள். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார் அவர். மகள் பிறந்து, வளர்ந்து, செவிலியர் படிப்பு முடித்து, வருஷத்தில் பாதி பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் வேலையும் வாங்கிவிட்டாள். அடுத்த தடவை மட்டும் வரவில்லை. மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை விமானம். இந்தமுறை மனைவி கேட்கவில்லை, அறிவித்தாள். பெண் போவதற்குள் அந்தப் பாறையடியில் அவளோடு ஒரு நாள் உட்கார்ந்தாக வேண்டும். அவ்வளவுதான். கடையைச் சாத்துங்கள்.

மகள் போவதைப் பற்றி மெத்தைக்கடைக்காரருக்குக் கருத்து ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. "போகட்டும். அந்த அறை காலியானா பஞ்சு மூட்டை போட வசதி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் பேருந்திலேயே மனைவி, மகள், மச்சான் மூவருக்கும் பாடம் நடத்தினார். கரும்பாறைக் கரை வேண்டும் என்று எவரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் ஏறிவிடுவார்கள். முதலில் வேறு ஏதாவது பெரிய கரையாகக் கேட்க வேண்டும். கரும்பாறைப் பேச்சு வந்தால் முகத்தைச் சுளிக்க வேண்டும். கடைசியில் அவர்களே தலையில் கட்டுவார்கள், நாம் போனால் போகிறதென்று வாங்கிக்கொள்ளலாம்.

"அரசாங்க ஆபீஸ்ல பேரம் எடுபடுமா அத்தான்?" என்று மச்சான் காலை நீட்டினான்.

"மனுஷன் உக்காந்திருக்கற இடத்துலெல்லாம் எடுபடும்."

வாரியத்தின் தலைமை அலுவலகம் கடலை ஒட்டியே இருந்தது. காது கொடுத்தால் அலை கேட்கும். கூடத்தில் ஆளுயர ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கண்ணாடியின் மேலும் இண்டு இடுக்கில்லாமல் கடல் படம் ஒட்டியிருந்தது. பின்னால் கடல் இருக்கும்போது முன்னால் கடல் படம் எதற்கு என்று மகள் கேட்டாள். பட்டை இல்லாதவர்கள் நிஜக் கடலைப் பார்த்தால் அது ஒதுக்கீடு பெறாத காட்சி என்றும், படத்தைப் பார்ப்பதற்குத் தடை இல்லையென்றும் வாசற்காவலர் விளக்கினார். கூடத்தில் காத்திருந்த குடும்பங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு பின்னாலிருந்து வந்த அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

முதல் நாள் தனித்தனி அறையில் விசாரணை. ஒரு வீட்டில் ஒருவர் ஆசை இன்னொருவர் ஆசையைக் கெடுத்துவிடும் என்பதால் குடும்பத்தைப் பிரித்து வைத்துத்தான் குடும்ப விடுமுறையைத் தேர்வு செய்வது வழக்கம். மெத்தைக்கடைக்காரர் வடகோடியில் இருந்த பெரிய வெண்மணல் கரையைக் கேட்டார். மகள் தென்கோடிக் கரையைக் கேட்டாள். மச்சான் வண்டி நிறுத்த நிழல் உள்ள இடமாகக் கேட்டான். வந்ததோ பேருந்தில். மனைவி தனக்கு ஒன்றுமே வேண்டாம் என்றாள். கரும்பாறை பற்றிக் கேட்டபோது நால்வரும் நான்கு அறையில் சொல்லி வைத்தாற்போல் முகத்தைச் சுளித்தார்கள். "அது ஒரு கரைங்களா? பாறையும் முள்ளும். சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்று மெத்தைக்கடைக்காரர் கூரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, எதிராளி விலை சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

எதிராளி ஓர் ஆலோசகர். கழுத்துப்பட்டை கட்டிய, கனிவான மனிதர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒத்துமையான குடும்பத்தப் பாத்ததில்ல. நாலு பேரும் ஒரே இடத்த இவ்வளவு மனசாற வெறுக்கிறீங்க. கவலைப்படாதீங்க. இனி அந்தக் கரை உங்க கண்ணுல படாம பாத்துக்க வேண்டியது எங்க பொறுப்பு."

மெத்தைக்கடைக்காரர் எதிர்பார்த்த விலை இது இல்லை. ஆனாலும், எதிராளி கெட்டியான ஆள், முதல் பேச்சிலேயே இறங்க மாட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

வேண்டிய இடங்களை ஓர் இயந்திரத்தில் போட்டுக் கலக்கி, நால்வர் ஆசைக்கும் நட்டநடுவான புள்ளியை வாரியம் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. அந்தப் புள்ளி, மீன்பிடிப் படகுகளையும் தாண்டி நடுக்கடலில் இருந்தது.

ஆலோசகர் வரைபடத்தைப் பெருமையோடு விரித்துக் காட்டினார். உங்களில் ஒருவர் மனமும் கோணாத இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார். தன் அக்காவுக்கு நீச்சல் தெரியாது என்று மச்சான் சொன்னான். அது வேறு பிரிவு, தன்னுடைய வேலை பொருத்தம் பார்ப்பதோடு சரி என்றார் ஆலோசகர். பிறகு கொஞ்சம் யோசித்து, ஆழம் காரணமாக இந்த இடத்தை ஒதுக்குவதில் தாமதம் ஏற்படலாம் என்பதை ஒப்புக்கொண்டு, நாளைக்கு மணல் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

மணல் பரிசோதனை செவ்வாய்க்கிழமை நடந்தது. ஒரு நீண்ட அறையில் கரைக்கு ஒன்றாகத் தகரத் தட்டுகளில் மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். குடும்பத்தினர் ஒவ்வொரு தட்டிலும் வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்ட பரிசோதகர் முகத்துக்கு நேரே குனிந்து, அங்கே என்ன தோன்றுகிறதென்று பார்ப்பார். மெத்தைக்கடைக்காரர் முகத்தில் என்ன தோன்றும்? எதுவும் தோன்றாமல் இருக்கப் பழகிய முகம் அது. பரிசோதகர் இரண்டு தட்டுக்கு ஒருமுறை அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார். மச்சான் ஒவ்வொரு தட்டிலும் வலது காலை மட்டும் அழுத்தி மிதித்தான்.

மனைவியின் முறை வந்தது. தட்டுகள்மேல் பெயர் எழுதவில்லை. ஆறேழு தட்டுகளில் அவள் சந்தையில் நிற்பதுபோல் ஏறி இறங்கினாள். அதற்கடுத்த தட்டில் மணல் கொஞ்சம் கறுப்பாக, சிப்பித்தூளோடு இருந்தது. அதில் கால் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் மணலுக்குள் புதைந்தன. இறங்கச் சொன்னபோது காதில் விழவில்லை.

"தட்ட எடுங்க, தட்ட எடுங்க" என்று பரிசோதகர் பதறினார். இரண்டு பேர் ஓடிவந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், ஒருவர் விசிறினார், ஒருவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கரும்பாறை மணல் பட்ட மாத்திரத்தில் அந்தம்மாளுக்குக் கண் சொருகிவிட்டது, குடும்பமே ஒருவாய்ப்படச் சொன்னது சத்தியமான வார்த்தை, இனி அந்தத் தட்டை இவர்கள் இருக்கும் அறையில் வைப்பதே ஆபத்து என்று பரிசோதகர் முடிவு சொன்னார்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் மனைவி தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மட்டமான பஞ்சு என்று அவர் பேச்சுக்கு ஆரம்பித்தார். அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். மச்சான்தான் சொன்னான்: "நல்லா எறக்கிட்டீங்க அத்தான். தரையவும் தாண்டி எறக்கிட்டீங்க."

புதன்கிழமை அவர் தன் தொழில் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தார். ஆலோசகர் முன்னால் போய் உட்கார்ந்து, உண்மையைச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னது சும்மா. வேண்டியது அந்தக் கரும்பாறைக் கரைதான், முதலிலிருந்தே அதுதான்.

ஆலோசகர் மேலும் கனிந்தார். பயப்படுகிற பொருளிடமே மனம் இழுபடுவது ஒரு நிலை என்றும், அதற்கு வாரியம் வைத்திருக்கும் பெயர் அடம் என்றும், மனது மாறியதாகச் சொல்லும் குடும்பம் இரண்டு மாதம் வீட்டில் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி வரலாம் என்றும் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை பெண் விமானம் ஏறுகிறாள் என்றார் மெத்தைக்கடைக்காரர். இரண்டு மாதம் கழித்து மூன்று பேர்தான் என்றால் பொருத்தம் பார்ப்பது இன்னும் சுலபம் என்று ஆலோசகர் மகிழ்ந்தார்.

சரி, ஒரு நாள் வேண்டாம், அரை நாள். அரை நாள் வேண்டாம், ஒரு மணி நேரம். ஆலோசகர் புன்னகை செய்துகொண்டே இருந்தார். கடைசியில் மெத்தைக்கடைக்காரர் தன் கைவசம் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தார். கும்பிடு போட்டார், எழுந்தார், நடையைக் கட்டினார். மெதுவாகத்தான் நடந்தார். கதவருகே போய்ச் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தும் பார்த்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுத்த குடும்பம் வரலாம்."

வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வாசல்படியைத் தாண்டி வெளியே வந்து நின்ற அந்த மனிதரின் நிலையைக் கடைத்தெருவில் வளராதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வியாழக்கிழமை வாரியத் தலைவர் காத்திருக்கும் குடும்பங்களுக்கு உரையாற்றினார். கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று, சொன்னபோது உட்கார்ந்தார்கள். தலைவர் வெளிறிய மனிதர். வெயிலே படாத நெற்றி.

"நண்பர்களே, சிலர் என்னிடம் கேட்கிறார்கள், ஐயா, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, நாங்களே போய்க்கொள்ளக் கூடாதா என்று. போனீர்களே. முன்பெல்லாம் நீங்களே போனீர்கள். சந்தோஷமாக இருந்ததாகவும் சொல்கிறீர்கள். சாட்சி உண்டா? ஒரு குடும்பமாவது அதை நிரூபித்திருக்கிறதா? வாரியம் வந்த பிறகு கரைகளில் கூட்டம் குறைந்திருக்கிறது, சண்டை குறைந்திருக்கிறது, குப்பை குறைந்திருக்கிறது. போன மாதம் எட்டுக் கரைகளில் ஒரு புகார்கூட இல்லை. ஒரு ஆள்கூடப் போகவில்லை என்பதால் இது சாத்தியமாயிற்று."

கைதட்டல் எழுவதற்கு இடம் விட்டார். எழுந்தது.

"நான் கடலைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கால் நனைந்தவன் பாரபட்சம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் அலுவலர்களில் கடலுக்குப் போனவர்களுக்கு நாங்கள் பதவி உயர்வு தருவதில்லை. உங்களுக்காக அத்தனை பேரும் காய்ந்த காலோடு உட்கார்ந்திருக்கிறோம். இந்தத் தியாகத்தை மதிக்காமல் வாரியத்தை அவமதிக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. திருத்தி அனுப்புகிறோம். எந்தக் கரையை ஒரு குடும்பம் அதிகமாக வெறுக்கிறதோ, அதே கரையில், குடை இல்லாமல், காவலோடு, அவர்களை உட்கார வைக்கிறோம். அழுதுகொண்டே திரும்பி வருகிறார்கள். வெறுக்கிற இடத்துக்கு உடனே அனுப்புகிறீர்கள், விரும்புகிற இடத்துக்கு அனுப்ப ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள். தண்டனையில் தாமதம் கூடாது. அது சட்டம்."

மெத்தைக்கடைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் இதில் பாதி காதில் ஏறவில்லை. மனைவி பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். பாதிக் கடியில் வாய் நின்றது. அப்புறம் மெதுவாக மென்று விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடம் நிறைந்திருந்தது. மனைவி எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, நடு ஜன்னலுக்குப் போனாள். படத்தின் மேல் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். மெத்தை உறை பிரிக்கிற கை அது. ஒரே இழுப்பில் கூரையிலிருந்து தரை வரை படம் கிழிந்து அவள் காலடியில் சுருண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் அசைந்தது. காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கூடத்துக்குள் பாய்ந்து எல்லார் முகத்திலும் ஆடியது. காத்திருந்த குடும்பங்கள் சொல்லாமலேயே எழுந்து நின்றன.

"கூசுது, மூடுங்க" என்று யாரோ ஒரு அலுவலர் மேசைக்கடியிலிருந்து சொன்னார்.

தலைவர் வந்தார். ஜன்னலுக்கு நேராக வந்துவிட்டதை உணர்ந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, விரலிடுக்கில் ஒரு கணம் பார்த்து, உடனே அந்த இடுக்கையும் மூடிக்கொண்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று விசாரித்தார். எந்தக் குடும்பம்? கரும்பாறையை வெறுக்கும் குடும்பம். கண் சொருகியதே, அவர்களா? அவர்களேதான்.

"அரை நாள் கரும்பாறைக் கரை" என்று தலைவர் சுவருக்குத் தீர்ப்பளித்தார்.

மெத்தைக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள், சரியாக நீல மெத்தையைப் பார்க்கிற பார்வை. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இத்தனை வருஷமாகக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து உறை தைத்துக்கொண்டிருந்தவள் கடையை ஒன்றுவிடாமல் பார்த்திருக்கிறாள். அவருக்கு முதுகு நிமிர்ந்தது. தோளை வேண்டுமென்றே தொங்கவிட்டுக்கொண்டார்.

"ஐயா, வேற எங்க வேணாலும் அனுப்புங்க. நடுக்கடலுக்குக்கூடப் போறோம். அது மட்டும் வேண்டாம்."

"அரை நாள்."

"அரை நாள்னா காலைல போயி மதியம் வந்துரலாமுங்களா?" என்று கேட்டு, மச்சான் பக்கம் திரும்பி, ஆனால் தலைவருக்குக் கேட்கிற மாதிரி, "பரவால்ல மாப்ள, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும், அடுத்த மாசம் இன்னொரு படத்தக் கிழிச்சாலும் தாங்கும்" என்றார்.

சுவருக்கு முன்னால் தலைவரின் கழுத்து விறைத்தது. "முழு நாள்."

"ஐயா."

"காலையிலிருந்து பொழுது சாயும் வரை. நாளைக்கே."

மெத்தைக்கடைக்காரர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தொழில் வாழ்க்கையில் அவர் பேசிய பேரங்களில் இவ்வளவு மேலே ஏற்றி வாங்கியது வேறில்லை. ஆலோசகர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் வாரியத்தின் வண்டியே அவர்களை ஏற்றிக்கொண்டு போய் வளைவில் இறக்கிவிட்டது. கையில் சாம்பல் நிறத் தண்டனைப் பட்டை. கூடவே ஒரு காவலர், தோளில் குடை, இடுப்பில் வாக்கிடாக்கி. சிரிக்கக் கூடாது, பாடக் கூடாது, மணல்வீடு கட்டக் கூடாது, மகிழ்ச்சி தெரிந்தால் அந்த நிமிஷமே தண்டனை ரத்து என்று அவர் விதியைச் சொல்லிவிட்டு, குடையை நட்டு அதனடியில் உட்கார்ந்தார்.

மச்சானால் முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. கடலைக் கண்டதும் பல் தெரிந்தது. மெத்தைக்கடைக்காரர் அவனைக் குப்புறப் படுக்கச் சொல்லித் தலையில் துண்டைப் போட்டார். அவன் துண்டுக்குள் சிரித்துச் சிரித்து முதுகு குலுங்கியது. காவலர் அதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

மனைவி பாறையடிக்குப் போய், முழங்கால் நனைய நின்றாள். தண்ணீருக்குள் எதற்குப் போகிறார் என்று காவலர் எழுந்தார். தண்டனையை அரையும் குறையுமாக அனுபவிப்பது அவள் பழக்கமில்லை என்றார் மெத்தைக்கடைக்காரர். காவலர் உட்கார்ந்தார்.

அப்புறம் தாயும் மகளும் பாறைமேல் சாய்ந்து அலை வந்து தொடுமிடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வாங்கிய கம்பளி உடுப்பு போதுமா, அங்கே தலைக்கு எண்ணெய் கிடைக்குமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று தாய் கேட்டாள். அங்கே காய்ச்சல் பார்க்கப் போவதே தான்தான் என்று மகள் சொன்னாள். அதற்குச் சிரித்திருக்க வேண்டும். தாய்க்கு அழுகை வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. மகள் அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது.

காவலர் நல்ல மனிதர். மதியத்துக்குள் அவருக்கே பொறுக்கவில்லை. "போதும், கெளம்புங்க. சாயங்காலம் வரைக்கும் இந்தப் பாவத்த என்னால பாக்க முடியாது. நான் கண்டுக்கல" என்றார்.

இதுதான் ஆபத்தான கட்டம். மெத்தைக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மகராசனா இருங்க. தலைவர் கேட்டா, உங்க புண்ணியத்துலதான் பாதியிலயே விட்டாங்கன்னு நாங்க நன்றியோட சொல்லிடறோம்."

"உக்காருங்க" என்றார் காவலர். "பொழுது சாயட்டும்."

உட்கார்ந்தார்கள். வெயில் தாழ்ந்தது, பாறையின் நிழல் நீண்டு வந்து அவர்கள்மேல் படுத்தது. மகள் எழுந்து வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். மெத்தைக்கடைக்காரர் கடலைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், மச்சானின் துண்டைப் பார்த்தார், குடையைப் பார்த்தார்.

"காலைலேர்ந்து அந்தக் குடையத்தான் பாத்துட்டிருக்கீங்கப்பா."

"துணி கெட்டி. நல்ல தையல்."

"நாளைக்கு இந்நேரம் நான் வானத்துல இருப்பேன்."

"போயிட்டு வா. பஞ்சு மூட்டை தாழ்வாரத்துல நனையுது. அந்த அறை காலியானா..."

"தெரியும்ப்பா" என்று மகள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நானும் அந்தக் கடையிலதான வளந்தேன்."

அவர் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது.

பொழுது சாய்ந்து வண்டி வந்து நின்றது. காவலர் குடையை மடக்கினார். இடுப்பிலிருந்து வாக்கிடாக்கியை எடுத்துத் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"நல்லா வேல செஞ்சிருக்கு சார். அந்தம்மா ஓயாம அழுதுச்சு. அந்தத் தம்பி தலைய வெளிய காட்டவே இல்ல, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. ஆனா ரொம்ப நொந்தது அந்தப் பெரியவர்தான் சார். பெத்த பொண்ணு தோள்ல சாஞ்சு உக்காந்திருக்கு, ஒரு தடவகூடத் திரும்பி அது மூஞ்சியப் பாக்கல சார்."